பை சுமந்து கற்ற ஆட்டம்

இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டி 1964-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே கல்கத்தாவில் ஓர் இந்தியர் அதை வென்றார். ஆனால் அந்த பி. ஜி. சேத்தி ஓர் அமெச்சூர். கோல்ஃப் ஆடிச் சோறு சாப்பிட வேண்டிய நிலையில் இருந்தவர் இல்லை. இந்த ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட ஓர் இந்தியர் அந்தக் கோப்பையைத் தொட 1991 வரை ஆயிற்று. அவர் அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர்களின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்த கேடி. 1993-இல் மறுபடியும் வென்று, முதல் வெற்றி அதிர்ஷ்டத்தால் வந்ததில்லை என்று காட்டினார்.

'என் பிள்ளை கோல்ஃப் வீரனாக வேண்டும் என்கிறான், என்ன செய்வது?' என்று கேட்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது அலி ஷேரின் கதையைத்தான். கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டம் என்பது பாதி உண்மை. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் வசதியானவர்கள். ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் அதைத் தொழிலாக எடுத்து ஜெயித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் கேடிகளும், தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் வரிசையாக வருகிறார்கள். எஸ். எஸ். பி. சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவர். 1829-இல் தொடங்கிய அந்தக் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழையது. அங்கே வளர்ந்த சௌராசியா 2008-இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார். 2016, 2017 என அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்தியன் ஓபனையும் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் குர்கானில் அதே கோப்பையை எடுத்தார். அம்பேத்கர் பிறந்த மாவ் ஊரின் ராணுவ மைதானத்திலிருந்து வந்த முகேஷ் குமார், 2016-இல் தன் 51 வயதில் ஆசிய டூர் போட்டி ஒன்றை முதன்முறையாக வென்றார். அதற்கு முன்பே உள்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பட்டங்கள் அவர் கணக்கில் இருந்தன.

இலங்கையிலும் இதே கதைதான், ஆனால் அது பாதியில் நின்றுவிடுகிறது. அந்த இடத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

கொழும்பு பொரளையில் இருக்கும் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879-இல் காலி முகத்திடலில் பிறந்து, 1896-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. களனிவெளி ரயில் பாதை மைதானத்துக்குள்ளேயே ஓடுகிறது. இலங்கையின் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கேடிகளாகத் தொடங்கியவர்கள். நந்தசேன பெரேரா தொழில்முறையில் ஆடிப் பெயர் வாங்கினார். அவர் மகன் மிதுன் பெரேரா ஆசிய டூர் வரை போனார். அனுர ரோஹண, என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்று பெயர்கள் நீள்கின்றன. தமிழ்ப் பெயர்கள் இரண்டு இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் மிதுன் முதலான இந்த நால்வரும் எங்கே ஆடிச் சம்பாதித்தார்கள்? இந்தியாவில். 2006-இல் தொடங்கிய பிஜிடிஐ, அதாவது இந்தியாவின் தொழில்முறை கோல்ஃப் டூர்தான் அவர்களுக்கும் படியளந்தது. இலங்கைக்குள் ஆண்டு முழுக்க நடக்கும் தொழில்முறை டூர் கிடையாது. பிஜிடிஐ எப்போதாவது ராயல் கொழும்புக்கு வந்து ஒரு போட்டி நடத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆட்டத்தைக் கற்கும் விதத்தில் இரு நாட்டுக்கும் வேறுபாடு அதிகமில்லை. நுவரெலியாவில் ஒரு மூத்த கேடியோடு நடந்தபோது இதை நேரில் பார்த்தேன். 1889-இல் தொடங்கிய அந்த மைதானம் ஊருக்கு நடுவில் கிடக்கிறது. இரண்டு பக்கமும் மரங்கள் நெருக்கும் குறுகலான பேர்வே, அதாவது பந்து போகும் புல்பாதை. கடைசித் தட்டு தட்டும் கிரீனில் பந்து குழியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிக் கிடந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. குழியைச் சுற்றி மெல்ல ஒரு வட்டம் நடந்தார். "காலு சொல்லும் சார். நேத்து மழை பேஞ்சுச்சில்ல, தண்ணி அந்த ஓரமாத்தான் எறங்குச்சு. பந்தும் அங்கதான் போகும்" என்று சொல்லி, குழிக்கு இரண்டு சாண் இடப்பக்கம் ஓரிடத்தைக் கொடிக்கம்பின் நுனியால் காட்டினார். அங்கே பார்த்து அடித்தவுடன் பந்து வளைந்து போய்க் குழியின் உதட்டில் நின்றது. "பாதையச் சரியாப் புடிச்சீங்க, பலந்தான் பத்தல" என்றார். வெளிநாட்டுப் பயிற்சிக் கூடங்களில் கருவி வைத்து அளந்து சொல்லித்தருகிற விஷயம் அவர் பாதத்தில் இருந்தது.

மும்பை செம்பூரில் பாம்பே பிரசிடென்சி கோல்ஃப் கிளப்பை ஒட்டிய குடிசைப் பகுதியில் கேடிகள் சந்துக்குள் ஆடும் கோல்ஃப் இன்னொரு பள்ளிக்கூடம். கட்டுமான இரும்புக் கம்பியை வளைத்து மட்டை, பிளாஸ்டிக் பந்து. சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் முழ அகலத்தில் பந்தை விழவைக்கப் பழகியவன் கை, திறந்த புல்வெளியில் பதறாது. சௌராசியாவின் பெயர் சின்ன தட்டுகளின் நுணுக்கத்துக்காகப் பேசப்படுவதும் எனக்கு ஆச்சரியம் தரவில்லை. பல இந்தியக் கிளப்புகளில் உறுப்பினர்கள் வராத திங்கட்கிழமை மைதானம் கேடிகளுடையது. வாரம் முழுக்க மற்றவர் அடிக்கும் அடியைப் பார்த்து மனதில் வைத்ததை அன்று ஒரு நாள் தன் கையால் முயன்று பார்ப்பார்கள்.

இதற்குப் பிறகுதான் பாதைகள் பிரிகின்றன.

இந்தியாவில் 200-க்கும் மேற்பட்ட மைதானங்கள் உண்டு. அவற்றில் கணிசமான பங்கு ராணுவக் கன்டோன்மென்ட்களில். அனிர்பன் லாஹிரியின் தந்தை ராணுவ மருத்துவர். சுபாங்கர் சர்மாவின் தந்தை ராணுவ அதிகாரி. படைவீட்டுப் பிள்ளைகளுக்கு மைதானம் வீட்டுக்குப் பக்கத்தில், செலவும் குறைவு. இது கேடிகளின் வாசலுக்கும் உறுப்பினர்களின் வாசலுக்கும் நடுவில் இருக்கும் மூன்றாவது வாசல். நான்காவது ஒன்றும் இருக்கிறது: காசு கொடுத்து ஒரு கூடை பந்து வாங்கி யாரும் அடிக்கக்கூடிய டிரைவிங் ரேஞ்ச். அதிதி அசோக் ஐந்தரை வயதில் பெங்களூரில் கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷனின் ரேஞ்சில்தான் மட்டையைப் பிடித்தார். வீட்டில் யாரும் கோல்ஃப் ஆடியவர்கள் இல்லை. ரியோ ஒலிம்பிக்கில் தந்தை அவருக்குக் கேடி, டோக்கியோவில் தாய். டோக்கியோவில் ஒரே ஒரு அடியில் வெண்கலத்தை விட்டு நான்காம் இடம் பிடித்த அந்தக் கடைசி நாளில், கோல்ஃப் விதிகளே தெரியாதவர்களும் இந்தியாவில் அதிகாலையில் எழுந்து டிவி முன் உட்கார்ந்தார்கள்.

கிளப்பும் கன்டோன்மென்ட்டும் வாய்க்காத பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த நான்காவது வாசல்தான் ஒரே வாசல் என்று சொல்லலாம். கேடி வேலை இரு நாட்டிலும் பெரும்பாலும் ஆண்களுடையது. ஒரு அலி ஷேரை உருவாக்கிய வழி ஒரு பெண்ணுக்குத் திறப்பது அரிது. சென்னை மாதவரத்திலோ இலங்கை ஹட்டனிலோ ஒரு பெண் பிள்ளைக்கு இந்த ஆசை வந்தால், பக்கத்தில் ரேஞ்ச் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இல்லை என்றால் ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

இலங்கையில் மைதானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ராயல் கொழும்பு, நுவரெலியா, கண்டிக்கு அருகே திகனையில் 1999-இல் திறந்த விக்டோரியா, ஹம்பாந்தோட்டையில் 2016-இல் வந்த ஷங்ரிலா, திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் மைதானம், இன்னும் சில சிறு மைதானங்கள். எண்ணிக்கை குறைவு என்றாலும் இவற்றின் குணம் ஒன்றுக்கொன்று வேறு. மலை உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் நுவரெலியாவில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். கொழும்பின் கடல்மட்டக் காற்றில் அதே அடி முன்னதாகவே இறங்கும். இவ்விரண்டிலும் மாறிமாறி ஆடி வளரும் பையன் மட்டையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறான். குறுகலான நுவரெலியாவில் நேராக அடிக்கப் பழகியவனுக்கு, புதர்கள் நெருக்கும் டெல்லி கோல்ஃப் கிளப் அந்நியமாக இருக்காது. திறமை வளரும் மண் அங்கே இருக்கிறது. அறுவடையை விற்கச் சந்தைதான் இல்லை.

அதனால்தான் 'தொழில்முறைக்கு மாறுகிறேன்' என்ற முடிவு இரு நாட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. தொழில்முறைக்கு மாறியவர் அமெச்சூர் போட்டிகளில் ஆட முடியாது. இந்தியாவில் ஒருவர் மாறினால் அவருக்கு எதிரே ஒரு பருவம் முழுக்கப் போட்டிகள் காத்திருக்கின்றன. அமெச்சூர் போட்டிகளை இழப்பது பெரிய விஷயம் இல்லை. இலங்கையில் ஒழுங்காக நடப்பவையே அமெச்சூர் போட்டிகள்தான். மாறிய மறுநாள், தன் நாட்டில் ஆடுவதற்குப் போட்டி இல்லாத ஆட்டக்காரராகிறார். இனி சென்னை வழியாக ஜாம்ஷெட்பூருக்கும் அகமதாபாத்துக்கும் சண்டிகருக்கும் போக வேண்டும். அதற்கும் முன்னால் இந்தியாவுக்கு வந்து தகுதிச் சுற்றில் ஆடி, டூரில் ஆடும் உரிமையான டூர் கார்டை வாங்க வேண்டும்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பிஜிடிஐயில் ஒரு கோடி ரூபாய்ப் பரிசுப் போட்டி என்றால் முதலிடத்துக்கு 15 லட்சம். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் முதல் 50 இடங்களில் இருப்பவர்கள் மட்டும் தொடர்வார்கள். மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். தங்குமிடம், சாப்பாடு, கேடி கூலி, பயணம் எல்லாம் ஆட்டக்காரர் தலையில். லக்னோ பையன் இரவு ரயிலில் ஊர் திரும்பிவிடுவான். கொழும்புப் பையனுக்கு ஒவ்வொரு தோல்வியும் விமான டிக்கெட் விலையில் வருகிறது. 2022-இல் டாலர் சுமார் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360-க்கு ஏறியபோது, இறக்குமதி மட்டையும் பந்தும் கையுறையும் அதே வேகத்தில் ஏறின. அந்த ஆண்டுகளில் பிள்ளையின் ஆட்டத்தை நிறுத்தாமல் காப்பாற்றிய பெற்றோர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. சென்னை நகருக்குள் நந்தனத்தில் ஒரு மைதானம். கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் இன்னொன்று. 2024 செப்டம்பரில் அரசு பந்தயத் திடல் குத்தகையை ரத்துசெய்து நிலத்தை எடுத்துக்கொண்டபோது இரண்டாவதன் எதிர்காலமும் கேள்விக்குறியானது. அரசு நிலம் பொதுமக்களுக்கு வர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அப்படி வரும் இடத்தில் பத்துப் பேர் நின்று பந்தடிக்க ஒரு ரேஞ்ச் வைத்தால், உறுப்பினர் சீட்டு இல்லாத பிள்ளை முதன்முறையாக உள்ளே போகும். பெங்களூரோடு ஒப்பிட்டால் சென்னையின் நிலை கொழும்புக்குத்தான் அருகில் இருக்கிறது.

ஆசைப்படும் பிள்ளைக்கு இரு கரையிலும் சொல்ல வேண்டியவை கொஞ்சம் வேறுபடும். இந்தியாவில் இருப்பவன் பதினெட்டு, பத்தொன்பது வயதில் துணிந்து மாறலாம். சௌராசியா மாறியது அந்த வயதில்தான். தோற்றாலும் அடுத்த வாரம் இன்னொரு போட்டி இருக்கும், பயிற்சியாளராகவும் பிழைக்கலாம். பிஜிடிஐயில் ஆண்டின் முதலிடம் இப்போது ஐரோப்பிய டூருக்கே வழிவிடுகிறது. 2023-இல் முதலிடம் பிடித்து அப்படிப் போன ஓம் பிரகாஷ் சௌகானும் மாவ் ஊர்க்காரர்தான். இலங்கைப் பிள்ளை அவசரப்படக் கூடாது. 2022-இல் மாறிய விதிகளின்படி அமெச்சூரும் விளம்பர ஆதரவு பெறலாம், ஒரு போட்டியில் 1,000 டாலர் வரை பரிசும் வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு, ஆட்டத் தரத்தை அளக்கும் ஹேண்டிகேப் எண் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி அங்கேயே நிலைக்கும் வரை அமெச்சூராகவே ஆடுவது நல்லது. கோல்ஃப் வீரர் ஜீவ் மில்கா சிங் போல அமெரிக்கக் கல்லூரிக்கு உதவித்தொகையில் போவதும் ஒரு வழி. ஆனால் அதற்குப் படிப்பும் மதிப்பெண்ணும் கூடவே வர வேண்டும்.

கிளப்புகள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. கொழும்பிலிருந்து சென்னை விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. தென்னிந்திய இளையோர் போட்டிகளில் இலங்கைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஐந்தாறு இடங்களை ஒதுக்கிவைக்கலாம். பதிலுக்கு விக்டோரியாவும் நுவரெலியாவும் சென்னை, கோவை, ஊட்டிப் பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் அழைக்கலாம். தங்குவதற்கு உறுப்பினர்களின் வீடுகள் போதும். அந்த ஐந்தாறு இடங்களில் இரண்டையாவது கேடிகளின் பிள்ளைகளுக்கு என்று எழுதியே வைக்க வேண்டும். எழுதிவைக்காவிட்டால் அவை யாருக்குப் போகும் என்பது கிளப் நிர்வாகிகள் எல்லோருக்கும் தெரியும்.