சாயும் தொட்டி, சுருங்கும் ரெசின்

ரெசின் பிரிண்டர் விளம்பரம் எதை எடுத்தாலும் இரண்டு எண்கள்தான் முகத்தில் அறையும்: திரை எத்தனை கே, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர். வாங்கிய முதல் மாதத்திலேயே நாம் தேட ஆரம்பிக்கும் எண் மட்டும் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இருக்காது. நேராக வரைந்து கொடுத்த தகடு எவ்வளவு கோணி வெளியே வருகிறது? பொம்மை செய்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கால் மில்லிமீட்டர் வளைந்தாலும் டிராகனின் வால் டிராகனின் வால்தான். சர்க்யூட் போர்டுக்கு உறை, பல் மருத்துவருக்குத் தாடை மாதிரி, வார்ப்புக்கு நகை மாதிரி என்று ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய பாகங்கள் செய்கிறவர்களுக்கோ அந்தக் கால் மில்லிமீட்டர்தான் பிழைப்பு.

எலிகூவின் சாட்டர்ன் 4 அல்ட்ராவை இந்த ஒரே கேள்வியோடுதான் மேசையில் ஏற்றினேன். 2024இல் 400 டாலர் சுற்றில் வந்த இயந்திரம். 10 அங்குல மோனோ எல்சிடி, 11,520 × 5,120 பிக்சல், ஒவ்வொன்றும் 19 × 24 மைக்ரான். உள்ளே 218.88 × 122.88 × 220 மில்லிமீட்டர் அளவுக்குப் பொருள் செய்யலாம். தட்டைத் தானே சமன் செய்துகொள்கிறது, வைஃபை இருக்கிறது, வேலை நடப்பதைக் காட்ட ஒரு கேமராவும் இருக்கிறது. இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் அக்கறை இதன் தொட்டியின் மேல். இந்தத் தொட்டி சாய்கிறது.

சாய்வதால் என்ன லாபம் என்பதற்கு முதலில் சாயாத தொட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். இந்த வகை இயந்திரங்களில் பொருள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே வளர்கிறது. தொட்டியின் அடியில் ஒரு மெல்லிய பிலிம், அதற்குக் கீழே திரை. 405 நானோமீட்டர் ஒளி பட்டதும் பிலிமுக்கும் பொருளுக்கும் இடையில் இருக்கும் ரெசின் இறுகுகிறது. இறுகும்போது மேலே இருக்கும் பொருளோடும் ஒட்டிக்கொள்கிறது, கீழே இருக்கும் பிலிமோடும் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த லேயருக்குப் போக வேண்டுமென்றால் பிலிமிலிருந்து பிடுங்கித்தான் ஆக வேண்டும். ஒரு லேயர் 0.05 மில்லிமீட்டர் என்றால் 100 மில்லிமீட்டர் உயரப் பொருளுக்கு 2,000 பிடுங்கல். அதுவும் பொருள் இன்னும் முழுதாக இறுகாத, நகத்தால் அழுத்தினால் தடம் பதியும் பக்குவத்தில் இருக்கும்போது.

தட்டு நேர்மேலே ஏறினால் பிலிமும் கூடவே குடையாக மேலெழும். ஓரங்கள் முதலில் விடுபட்டு, நடுப்பகுதி கடைசியில் ஒரு சத்தத்தோடு கழன்றுகொள்ளும். அந்த நொடியில் விழும் இழுப்பு, குறுக்குவெட்டு அகலமாக அகலமாகக் கூடுகிறது. பொருள் உள்ளே கூடாக, வாய் கீழ்நோக்கி இருந்தால் உறிஞ்சும் விசையும் சேர்ந்துகொள்ளும். சாட்டர்ன் 4 அல்ட்ராவில் தட்டு நீண்ட தூரம் ஏறி இறங்குவதில்லை. தொட்டியின் ஒரு பக்கம் கீழே இறங்குகிறது. அட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரை நடுவில் பிடித்துத் தூக்காமல் மூலையிலிருந்து உரிப்பது மாதிரி, பிரிவு ஒரு கோடாகத் தொடங்கி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது. உரிக்கத் தேவையான விசை அந்தக் கோட்டின் நீளத்தைப் பொறுத்தது, முழுப் பரப்பைப் பொறுத்தது அல்ல.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் 29 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய ஃபார்ம்லாப்ஸின் ஃபார்ம் 1 இயந்திரமும் தொட்டியைச் சாய்த்துத்தான் உரித்தது. அப்போது தொட்டியின் அடியில் இருந்தது பிலிம் அல்ல, சிலிகோன் படலம். 2015இல் வந்த ஃபார்ம் 2 சாய்வைக் கைவிட்டு, தொட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தத் தொடங்கியது. கைவிடப்பட்ட யோசனை மெல்லிய பிலிமோடும் மலிவான திரையோடும் சேர்ந்து திரும்பி வந்திருக்கிறது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது பலன் தெரிகிறதா? தெரிகிறது. சுவர் கனம் 1.5 மில்லிமீட்டர் உள்ள நீளமான பெட்டி ஒன்றைத் தட்டில் நெடுக்காக ஒன்றும் குறுக்காக ஒன்றும் வைத்து அடித்தேன். சுவரின் வெளிப்புறத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், குறுக்கே வைத்ததில் அடிப்பாகம் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு மெல்லிய வரி ஓடுகிறது. விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அங்கே தட்டும். நெடுக்காக வைத்ததில் அந்த வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரணம் மேலே சொன்னதுதான். நீளப் பக்கம் உரியும் திசையோடு இணையாக இருந்தால் பிரியும் கோடு குட்டையாகிறது, இழுப்பும் குறைகிறது. சாயும் தொட்டி உள்ள எந்த இயந்திரத்திலும் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பாகங்களைக் கண்டபடி திருப்பி வைக்காதீர்கள். வரைந்த மாதிரியை லேயர் லேயராக வெட்டித் தரும் மென்பொருளான ஸ்லைசரின் தானியங்கி அடுக்கல் பொத்தான் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

ஆனால் பெட்டியின் மூடி வேறு கதை சொன்னது. மூடி என்பது 100 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் கனமுள்ள வெறும் தகடு. கண்ணாடிப் பலகை மேல் வைத்து ஒரு மூலையைத் தட்டினால் எதிர்மூலை ‘டக்’கென்று பதில் சொல்லியது. தூக்கி நின்ற மூலைக்கு அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் அரை மில்லிமீட்டர் இலை எதிலும் உரசாமல் நுழைந்தது. தொட்டி அழகாகத்தான் சாய்ந்தது, பொருளைத் தாங்கிப் பிடிக்கும் சப்போர்ட் ஒன்றுகூடக் கழன்றுகொள்ளவில்லை. தகடு வளைந்ததற்கும் பிடுங்கலுக்கும் சம்பந்தமே இல்லை.

ஏனென்றால் கோணலில் இரண்டு சாதி உண்டு. பிடுங்குவதால் வருவது ஒன்று: சுவரில் படி, வரி, சப்போர்ட்டுகளுக்கு நடுவே தொய்வு. சுருங்குவதால் வருவது மற்றொன்று: மூலைகள் மெதுவாக, வழவழப்பான வளைவில் எழும்பும். திரவ அக்ரிலேட் ரெசினில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கின்றன. ஒளி பட்டுப் பிணைப்பு விழுந்ததும் அந்த இடைவெளி ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. மொத்தக் கன அளவில் சில சதவீதச் சுருக்கம் தவிர்க்க முடியாதது. புதிய லேயர் சுருங்க நினைக்கிறது, ஏற்கெனவே இறுகிய லேயர் விட மறுக்கிறது. இந்த இழுபறி ஒவ்வொரு லேயரிலும் சேர்ந்து உள்ளே அழுத்தமாகப் பதுங்குகிறது. சப்போர்ட் பிடித்திருக்கும்வரை தெரியாது, வெட்டிய பிறகு தெரியும்.

இந்தத் தொழிலின் வயதே இந்தத் தொல்லையின் வயதும். சக் ஹல் 1984இல் விண்ணப்பித்து 1986இல் காப்புரிமை பெற்ற ஸ்டீரியோலித்தோகிராஃபி இயந்திரம் லேசர் கதிரால் ரெசினின் மேற்பரப்பில் கோடு கோடாக வரைந்தது. வரைந்த ஒவ்வொரு கோடும் கீழே இருந்ததை இழுத்து முனைகளை மேலே சுருட்டியது. அவருடைய 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்துப் பொறியாளர்கள் இதற்காகவே பல காப்புரிமைகள் எடுத்திருக்கிறார்கள். லேயரை ஒரே பரப்பாக இறுக்காமல், செங்கல் அடுக்கியது போல இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக இறுக்கி, அழுத்தத்தை அந்தந்தத் துண்டுக்குள்ளேயே அடைத்துவிடுவது அவற்றில் ஒரு வழி. 1990களின் தொடக்கத்தில் வந்த ஸ்டார்வீவ் முறை இன்னும் தந்திரமானது. குறுக்குக் கோடுகளை லேயருக்கு லேயர் பாதி இடைவெளி தள்ளிப் போட்டது, வரையும் வரிசையை மாற்றி மாற்றிப் போட்டது, கோட்டின் ஒரு முனையை வெளிச் சுவரைத் தொடாமல் விட்டுவைத்தது. அதே பத்தாண்டில் சுருக்கம் குறைந்த எபாக்சி ரெசின்களும் வந்து சேர்ந்தன.

லேசரை வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாடு இது. நம் மேசையில் இருக்கும் இயந்திரத்திலோ சுமார் 5.9 கோடி பிக்சல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கலாம். செங்கல் வடிவில் இடைவெளி விடுவது திரைக்கு ஒரு வேலையே இல்லை. அப்படியிருந்தும் நான் பயன்படுத்தும் ஸ்லைசரில் அதற்கு ஒரு பொத்தான் கிடையாது. முழு லேயரும் ஒரே அடியில் ஒளிர்கிறது, ஒரே அடியில் சுருங்குகிறது. வேகத்துக்காகப் பழைய படிப்பு மொத்தத்தையும் பரணில் போட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் சுருளலை அளக்க இரட்டைக் கை மாதிரி என்று ஒன்று இருந்தது. நடுவில் தூண், இருபுறமும் தாங்கல் இல்லாமல் நீண்ட கைகள். அதை இதில் அடித்துப் பார்த்தேன். தலைகீழ் இயந்திரத்தில் கை சுருண்டு எழ முடியாது. எழும் திசையில் பிலிம் காத்திருக்கிறது, ஒவ்வொரு லேயருக்கும் கையை நசுக்கி மட்டமாக்கி அனுப்புகிறது. அதனால் கோணல் வளைவாகத் தெரியாமல், கையின் அடிப்பக்கம் கிழிந்த துணி ஓரமாகத் தெரிகிறது. மட்டமாக வந்திருக்கிறதே என்று ஏமாந்தால், உள்ளே அடக்கிவைத்த அழுத்தம், கழுவிய பிறகு விளக்கில் வைத்து முழுதாக இறுக்கும் கடைசிக் கியூரிங்கில் வெளியே வரும்.

ஆகவே தகட்டை நேராக்கும் வேலை பெரும்பாலும் ஸ்லைசரிலும் கழுவும் தொட்டியிலும்தான். முதலில் ஒளி நேரம். குறைவாக ஒளி கொடுத்தால் விளிம்பு கூர்மையாக வரும், அளவு துல்லியமாக இருக்கும். ஆனால் இறுகாமல் மிச்சம் நிற்கும் பகுதி பின்னால் கியூரிங்கில் சுருங்கி, பாகத்தைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். கூடுதலாகக் கொடுத்தால் துளைகள் அடைபடும், சுவர் தடிக்கும். தட்டையான மூடிகளுக்கு நான் கொஞ்சம் கூடுதல் பக்கமே சாய்கிறேன், துளையைத் துரப்பணத்தால் சரிசெய்துகொள்ளலாம். அடுத்து ஓய்வு நேரம்: பாகம் இறங்கியதும் விளக்கு எரிவதற்கு முன் ஓரிரு நொடி விட்டால், நசுங்கிய ரெசின் ஒழுங்காக வெளியேறி லேயர் உண்மையான கனத்துக்கு வரும். வேகம் விற்கும் விளம்பரங்கள் முதலில் கை வைப்பது இந்த நொடிகளில்தான். மணிக்கு 150 மில்லிமீட்டர் என்ற வாக்குறுதி மெல்லிய சுவருள்ள பொம்மைக்குச் சரி, அளவுக்குப் பொருந்த வேண்டிய பாகத்துக்கு அந்த வேகத்தை மறந்துவிடுங்கள்.

சப்போர்ட்டில் கஞ்சத்தனம் கூடாது. சாய்த்து வைத்த தகட்டில் முதலில் பிறக்கும் கீழ் விளிம்புதான் பலவீனம். அங்கே கனமான சப்போர்ட்டை நெருக்கமாக வைத்தால், எல்லா இடத்திலும் சமமாகத் தூவுவதைவிட நல்ல பலன். சுருக்க ஈடுகட்டும் சதவீதம் என்று ஸ்லைசரில் ஒரு கட்டம் இருக்கும். அது அளவைப் பெரிதாக்கித் தரும், வளைவை நேராக்காது. வளைந்த தகடு சரியான நீளத்தில் வளைந்து வரும், அவ்வளவுதான்.

மூடி உண்மையில் எங்கே கோணியது என்பதைக் கழுவும் கட்டத்தில்தான் பிடித்தேன். அடித்து எடுத்ததும் கண்ணாடியில் வைத்தால் கிட்டத்தட்ட மட்டம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அதிக நேரம் ஊறினால் மெல்லிய தகடு அதைக் குடித்து உப்புகிறது. அந்த ஈரம் போகாமலே விளக்கில் வைத்தால் உப்பிய வடிவத்திலேயே இறுகத் தொடங்கி, பின்னால் ஆல்கஹால் ஆவியாகும்போது இழுக்கிறது. இரண்டு தொட்டிகளில் சுருக்கமான முக்கல், பிறகு விசிறிக் காற்றில் பளபளப்பு போய் மங்கலாகும்வரை உலர்த்தல் போதும். கியூரிங் விளக்கு ஒரு பக்கம் மட்டும் பட்டால், பட்ட பக்கம் முதலில் சுருங்கித் தகடு விளக்கை நோக்கிக் குழிகிறது. நம் ஊர் வெயில் இலவச விளக்குதான், ஆனால் மொட்டை மாடியில் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டு வந்தால் மத்தியானத்துக்குள் கரண்டியாகிவிடும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மூடியைச் செருகி, கிளிப் மாட்டி, பக்கம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஒளி காட்டினேன். 405 நானோமீட்டர் ஒளி சாதாரணக் கண்ணாடி வழியே தாராளமாகப் போகும். ஆறிய பிறகு கிளிப்பைக் கழற்றினால் அரை மில்லிமீட்டர் இலை நுழைய மறுத்தது, பெட்டியும் மூடியும் சேர்ந்தன. ஏற்கெனவே வளைந்துபோனதைச் சுடுநீரில் இளக்கி நேராக்குவதும் உண்டு. பார்வைக்கு நிற்கும் பாகத்துக்கு அது போதும், திருகு போட்டு இறுக்கும் பாகத்துக்கு நான் நம்புவதில்லை.

இந்த இயந்திரத்தை வாங்கலாமா என்றால், அகலமான குறுக்குவெட்டும் மெல்லிய சுவரும் உள்ள பாகங்கள் உங்கள் அன்றாட வேலை என்றால் வாங்கலாம். சாயும் தொட்டி அங்கே தன் சம்பளத்துக்கு உழைக்கிறது. தட்டையான தகடுகள்தான் வேலை என்றால் இருக்கும் பழைய இயந்திரமே போதும், ரெசினை மாற்றுங்கள். துகள் நிரப்பிய, சுருக்கம் குறைந்த வகைகள் விலை கூடினாலும் வித்தியாசம் உடனே தெரியும். தண்ணீரில் கழுவும் ரெசினை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்துக்கொண்டு பின்னாலும் அசையும். தொட்டியைச் சூடாக்கும் வசதியோடு 16கே திரையுள்ள பதிப்பும் சந்தையில் இருக்கிறது. குளிர் நாடுகளில் ரெசின் கெட்டிப்படாமல் இருக்க அது அவசியம். சென்னையிலோ மதுரையிலோ ஏசி போடாத அறையில் ரெசின் பெரும்பாலான மாதங்களில் தானாகவே 28 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அந்த விலை வித்தியாசத்துக்கு ஒரு நல்ல ஃபீலர் கேஜும் இரண்டு கண்ணாடித் தகடும் ஒரு கிலோ கூடுதல் ரெசினும் வாங்கிக்கொள்ளலாம்.