நாலு கிலோபைட்டில் ஒரு காடு

பிட்ஃபால் ஆட்டத்தில் ஹாரி ஓடுவதை முதலில் பாருங்கள். அவன் அகலம் எட்டே புள்ளிகள். தலை, சட்டை, கால்சட்டை எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஆனாலும் அவன் ஓடுகிறான். காலும் கையும் மாறி மாறி வீசுகின்றன. அடாரி 2600 என்ற வீட்டு வீடியோ கேம் இயந்திரத்தில் அதுவரை மனிதர்கள் என்று வந்தவை பெரும்பாலும் வழுக்கிச் செல்லும் கட்டங்கள்தான். இவனுக்கு உடம்பு இருந்தது. ஆட்டத்தை எழுதிய டேவிட் கிரேன் இந்த ஓட்டக்காரனை முன்பே உருவாக்கி வைத்துவிட்டு, அவன் ஓடுவதற்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காகிதத்தின் நடுவே ஆள், அவன் காலடியில் பாதை, சுற்றிலும் காடு என்று பத்து நிமிடத்தில் வரைந்து முடித்தாராம். அது ஆட்டமாக மாற ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் பிடித்தது. 1982இல் அதை வெளியிட்டது ஆக்டிவிஷன் என்ற இளம் நிறுவனம்.

அந்த நிறுவனம் பிறந்த காரணத்தைத் தெரிந்துகொண்டால் ஹாரியின் ஓட்டம் இன்னும் இனிக்கும். 1970களின் அடாரி நிறுவனத்தில் ஆட்டம் எழுதியவருக்குச் சம்பளம் உண்டு, பெயர் கிடையாது. பெட்டியிலும் இல்லை, திரையிலும் இல்லை. வாரன் ராபினெட் தன் 'அட்வென்ச்சர்' ஆட்டத்துக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, தன் பெயரை அங்கே ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. 1979இல் எந்த கேசட் எவ்வளவு விற்றது என்ற பட்டியலை அடாரியின் விற்பனைப் பிரிவு சுற்றுக்கு விட்டது. கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்ளான் நால்வரும் கூட்டிப் பார்த்தார்கள். விற்பனையில் பாதிக்கு மேல் தங்கள் கைவேலை என்று தெரிந்தது. தலைமையிடம் போய்ப் பெயரும் பங்கும் கேட்டார்கள். கேசட்டைக் கோத்து முடிக்கும் தொழிலாளியைவிட நீங்கள் ஒன்றும் பெரியவர்கள் இல்லை என்ற பொருளில் பதில் வந்ததாகக் கிரேன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நால்வரும் வெளியேறினார்கள். ஜிம் லெவி அவர்களோடு சேர்ந்து தலைவரானார். இசைத்தட்டுத் தொழிலிலிருந்து வந்தவர் அவர். பாடியவர் பெயரை முன்னால் வைத்துத் தட்டு விற்கும் வழி அவருக்குத் தெரியும். 1979 அக்டோபரில் ஆக்டிவிஷன் தொடங்கியது. ஒருவர் செய்த இயந்திரத்துக்கு இன்னொருவர் ஆட்டம் எழுதி விற்பது வீட்டு வீடியோ கேம் உலகில் அதுவரை இல்லாத வழக்கம். அடாரி வழக்குப் போட்டது. 1982இல் அது சமரசத்தில் முடிந்தது. இன்று உலகெங்கும் கேம் நிறுவனங்கள் நடக்கிற பாதை அப்படித்தான் திறந்தது.

அடாரியில் கேட்டும் கிடைக்காத மரியாதையை இவர்கள் எப்படிக் காட்டினார்கள் என்பதில் ஓர் அழகு இருக்கிறது. ஆக்டிவிஷனின் கையேட்டைத் திறந்தால் ஆட்டத்தை எழுதியவரின் புகைப்படம், கையெழுத்து, அவரே சொல்லும் விளையாட்டு நுணுக்கங்கள் எல்லாம் இருக்கும். ஆடுகிறவரையும் அவர்கள் விடவில்லை. ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தொட்டதும் தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்துத் தபாலில் அனுப்பினால், எம்பிராய்டரி போட்ட துணி பேட்ச் ஒன்று வீடு தேடி வரும். பிட்ஃபாலுக்கு 20,000 புள்ளி, ரிவர் ரெய்டுக்கு 15,000. ஃபிலிம் வாங்கி, கழுவி, தபால்தலை ஒட்டி அனுப்பிய ஒரு சிறுவனுக்கு, தன் திறமையைப் பெயருள்ள ஒரு மனிதர் பார்த்துவிட்டார் என்ற நிறைவு கிடைத்தது.

இந்தக் கலைஞர்களுக்கு வாய்த்த கருவியின் வறுமையையும் பார்க்க வேண்டும். அடாரி 2600இன் தற்காலிக நினைவகம் 128 பைட். இந்தக் கட்டுரையின் ஒரு நீண்ட வாக்கியத்தைக்கூட அதில் முழுதாக வைக்க முடியாது. ஒரு முழுப் படத்தை நினைவில் வைத்துக் காட்டும் வசதியும் அதற்கு இல்லை. தொலைக்காட்சியின் மின்கற்றை திரையில் ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டு போகும்போதே, அந்தக் கோட்டில் என்ன வர வேண்டும் என்று நிரல் சொல்லியாக வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் நேரம் செயலியின் 76 துடிப்புகள். தறியில் ஊடை இழை ஒவ்வொன்றாகப் போகப் போகச் சேலையில் மயில் எழும்புவதுபோல, கோடு கோடாகத்தான் காடு எழும்ப வேண்டும். தறிக்காரர் நின்று மூச்சு வாங்கலாம். மின்கற்றை நிற்காது.

அந்த இயந்திரம் இரண்டு ஆட்டக்காரர், இரண்டு குண்டு, ஒரு பந்து என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. பாங், டாங்க் போன்ற ஆட்டங்களுக்கு அதுவே போதும். பிட்ஃபாலில் ஹாரி பற்றித் தொங்கி, முதலைக் குளத்தைத் தாண்டுகிறானே, அந்தக் கொடி எது தெரியுமா? பாங் ஆட்டத்துக்காக வைத்த அதே பந்துதான். கோட்டுக்குக் கோடு அதைக் கொஞ்சம் நகர்த்தி வரைந்தால் சாய்ந்த கொடியாகிவிடுகிறது. நகர்த்தும் அளவை மாற்றிக்கொண்டே போனால் கொடி ஊசலாடுகிறது. ஒரு பந்துக்குள் ஒரு கொடியைக் கண்ட கண்ணை எப்படிப் பாராட்டுவது!

அதைவிட வியப்பு காட்டின் பரப்பு. பிட்ஃபாலில் 255 திரைகள். கேசட்டின் மொத்த அளவோ 4,096 பைட். 255 காட்சிகளையும் எழுதி வைக்க அங்கே இடமே இல்லை. கிரேன் எதையும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண். ஹாரி வலப்பக்கம் நகர்ந்தால், அந்த எண்ணின் எட்டு பிட்டுகளில் நான்கைக் கூட்டிப் பார்த்து ஒரு புதிய பிட் செய்து, மற்றவற்றை ஒரு படி தள்ளினால் அடுத்த திரையின் எண் கிடைக்கும். இடப்பக்கம் திரும்பினால் இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டியதுதான். விட்டு வந்த திரை அச்சு அசலாக அங்கேயே இருக்கும். ஆட்டம் தொடங்கும் எண் 196. இருமத்தில் 11000100. முதல் இரண்டு பிட் மரங்களின் வரிசையைச் சொல்கிறது. நடு மூன்று பிட் குழியா, தாரா, முதலைக் குளமா என்று சொல்கிறது. இங்கே மூன்றும் பூஜ்யம். அதனால் ஏணியோடு கூடிய ஒரு குழி. கடைசி மூன்று பிட் வழியில் கிடப்பது மரக்கட்டையா, நெருப்பா, பாம்பா என்று முடிவு செய்கிறது. ஓர் எண்ணுக்குள் ஒரு வனம்.

சுரங்கத்துக்குள் இறங்கினால் இதே கணக்கு மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். கீழே ஒரு திரை கடந்தால் மேலே மூன்று திரை கடந்ததாகும். ஆனால் சில இடங்களில் செங்கல் சுவர் மறிக்கும். 20 நிமிடத்தில் 32 புதையலையும் எடுக்க வேண்டுமென்றால் எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது என்று வரைபடம் போட்டே ஆக வேண்டும். ஓடித் தாண்டும் ஆட்டத்தின் அடியில் வழி தேடும் புதிர் ஒன்றை அமைதியாக வைத்திருக்கிறார் கிரேன். இந்த ஆட்டம் 40 லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது.

அதே 1982இல் ஆக்டிவிஷனுக்காகக் கரோல் ஷா எழுதிய ரிவர் ரெய்டின் நயம் வேறு வகை. அங்கேயும் ஆறு கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. தொடங்கும் எண் மாறாததால் எல்லோருக்கும் எப்போதும் ஒரே ஆறு. ஆற்றின் மேல் நாம் ஓட்டும் விமானத்தில் எரிபொருள் குறைந்துகொண்டே வரும். ஆற்றில் எரிபொருள் கிடங்குகள் வரும். மேலே பறந்தால் தொட்டி நிறையும்; சுட்டால் புள்ளி கிடைக்கும். மெதுவாகப் பறந்தால் அதிகம் நிறையும், ஆனால் ஆபத்து நெருங்கும். பேராசையா, பிழைப்பா என்ற கேள்வியைச் சில நொடிக்கு ஒரு முறை விரலிடம் கேட்கிறார் ஷா. அதற்கு ஒரு சொல் விளக்கம்கூடத் தேவைப்படவில்லை.

இந்தச் செழிப்பு நீடிக்கவில்லை. ஆக்டிவிஷன் திறந்த கதவு வழியே அவசர அவசரமாகச் செய்த கேசட்டுகளோடு பலர் நுழைந்தார்கள்; 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. வீட்டுக் கணினிக்கு மாறிய ஆக்டிவிஷன், 1985இல் 'லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அதிலும் கிரேனின் கை. ஒவ்வொரு வட்டுக்கும் தனி எண்; அந்த எண்ணைக் கொண்டு உள்ளே வசிக்கும் குட்டி மனிதனின் குணமும் மாறும். கடையில் வாங்கிய இரண்டு பேர் வீட்டில் ஒரே ஆள் இருக்கமாட்டான்.

பிறகு நடந்ததைப் பொருளாதாரப் பக்கங்கள் விரிவாக எழுதியிருக்கின்றன. 1988இல் பெயர் மீடியாஜெனிக் ஆனது. கடன் கழுத்தை நெரித்தது. 1990களின் தொடக்கத்தில் பாபி கோட்டிக் குழு கைப்பற்றிப் பழைய பெயரை மீட்டது. மெக்வாரியர் 2, டோனி ஹாக், 2003இல் கால் ஆஃப் டியூட்டி என்று வளர்ந்து, 2008இல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் ஆகி, 2023 அக்டோபரில் சுமார் 6,870 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டிடம் சேர்ந்தது. இடையே 2010இல், கால் ஆஃப் டியூட்டியை உருவாக்கிய ஸ்டூடியோவின் தலைவர்கள் ஜேசன் வெஸ்ட், வின்ஸ் ஸாம்பெல்லா இருவரும் நீக்கப்பட்டு, தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வழக்காடினார்கள். 2012இல் சமரசம் ஆனது. 1979இல் நால்வர் எழுப்பிய கேள்வி, அவர்கள் கட்டிய வீட்டின் வாசலிலேயே வந்து நின்றதை எண்ணி வருந்தாமல் இருக்க முடியவில்லை.

இந்த நிறுவனம் எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால் பலரும் 2023இன் விலையைக் காட்டுவார்கள். நான் 1982இன் கேசட்டைக் காட்டுவேன். 4,096 பைட்டில் ஒரு மனிதர் இத்தனை அக்கறையைக் கொட்டியதற்குக் காரணம் திறமை மட்டும் இல்லை. இது என்னுடையது என்று கீழே கையெழுத்துப் போட அவருக்கு இடம் இருந்தது. பெயர் போடும் வேலையில் யாரும் அரைகுறையாக நிற்பதில்லை. கேம் நிறுவனம் நடத்துகிற எவருக்கும் ஆக்டிவிஷன் விட்டுச்சென்ற பாடங்களில் இதுவே தலையானது.