பேசாமற்போன பூனை

ஒரே படத்தை ஒரே நாளில் பார்த்த இருவர் அதன் முடிவைப் பற்றி இருவேறு கதை சொல்லக் கூடுமோ? எங்கள் இல்லத்தில் அது நிகழ்ந்தது. கிக்கி என்னும் மந்திரக்காரச் சிறுமியைப் பற்றிய ஜப்பானிய ஓவியப் படத்தின் பழைய டிவிடி ஒன்று எங்களிடம் உண்டு. காலையில் என் பேத்தி அதை ஆங்கிலத்தில் வைத்துப் பார்த்தாள். மாலையில் நான் அதையே ஜப்பானிய மொழியில் வைத்து, திரையின் அடியில் ஓடும் எழுத்துகளின் துணையோடு பார்த்தேன். “கடைசியில் பூனை மறுபடியும் பேசிவிட்டது, தாத்தா” என்றாள் அவள். நான் பார்த்த படத்திலோ பூனை பேசவே இல்லை. இந்தச் சிறு பிணக்கே இக்கட்டுரைக்குக் காரணம். பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு அப்பூனையின் பேச்சு அற்பமான செய்தி அன்று.

1985ஆம் ஆண்டு எய்க்கோ கடோனோ என்னும் பெண் எழுத்தாளர் படைத்த சிறுவர் நூலைத் தழுவி, ஹயாவோ மியாசாக்கி இயக்கிய படம் இது. ஜிப்லி நிறுவனத்தின் ஆக்கமாக 1989 ஜூலையில் ஜப்பானில் திரைக்கு வந்தது. அவ்வாண்டு அந்நாட்டுப் படங்களுள் மிகுந்த வசூல் கண்டதும் இதுவே. மூலநூலாசிரியர் கடோனோ 2018இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றார். ஆங்கிலத்தில் இப்படத்தை ‘கிக்கீஸ் டெலிவரி சர்வீஸ்’ என்பர்.

மந்திரக்காரி என்றதும் அஞ்ச வேண்டா. இங்கே பகையும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. மந்திரக்காரக் குலத்துப் பெண் பதின்மூன்று வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, தன்னைப் போன்ற இன்னொருத்தி இல்லாத ஊரைத் தேடி, ஓராண்டு தன் கைத்தொழிலால் வாழ்ந்து காட்ட வேண்டும் என்பது அக்குலத்தின் வழக்கம். கிக்கியின் தாயும் ஒருகாலத்தில் அவ்வாறே துடைப்பத்தின்மேல் பறந்து அவ்வூருக்கு வந்து சேர்ந்தவள்தான். மகள் புறப்படும் வேளையில், வருவதும் போவதும் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைக் கதை என்பதை இயக்குநர் ஒரு முதியவளின் நினைவுப் பேச்சாலேயே உணர்த்தி விடுகிறார்.

நம் அகப்பாடல்களில் மகளைப் பிரிந்த நற்றாயின் துயரம் விரிவாகப் பேசப்படும். இப்படத்தில் அத்துயரம் மிகக் குறைந்த சொற்களில் வருகிறது. சிறு குழந்தையாய் இருந்தபோது செய்தது போலத் தன்னை உயரத் தூக்கும்படி மகள் தந்தையை வேண்டுகிறாள்; அவர் தூக்குகிறார். மகள் தானே செய்த சிறிய துடைப்பத்தை வைத்துவிட்டு, பழகிய தன் துடைப்பத்தை எடுத்துச் செல்லும்படி தாய் வற்புறுத்துகிறாள். தாய்க்கு மருந்து காய்ச்சும் கலை தெரியும். மகளோ அதைக் கற்கவில்லை. அக்கலை தன்னோடு முடிந்துவிடும் என்று தாய் வருந்துகிறாள். பறத்தல் ஒன்றே மகளுக்குக் கைவந்தது. ஊர் மாறிய குடும்பங்களில் பெற்றோர் அறிந்தவற்றுள் ஒன்றோ இரண்டோதான் பிள்ளைகளிடம் எஞ்சும். அதை அறிந்தவர் இக்காட்சியை எளிதில் கடந்து செல்ல மாட்டார்.

கிக்கி சென்று சேரும் கடற்கரை நகரம் கற்பனையானது. ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம், விஸ்பி ஆகிய ஊர்களைக் கண்டு வரையப்பெற்றது. அந்நகரம் அவளை வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. போக்குவரத்துக் காவலர் கடிந்துகொள்கிறார். சிறுமி தனியே வந்தால் விடுதியில் அறை கிடைப்பதில்லை. ஓசோனோ என்னும் ரொட்டிக்கடைப் பெண்மணிதான் மாவு படிந்த பரண் அறையைத் தங்கத் தருகிறாள். அங்கிருந்து கிக்கி பொதிகளை வீடுதோறும் பறந்து சேர்க்கும் தொழிலைத் தொடங்குகிறாள்.

படத்தின் உயிர்நாடியான காட்சி ஒன்று உண்டு. மூதாட்டி ஒருவர் பேத்தியின் பிறந்தநாளுக்கு மீன் பணியாரம் ஒன்றைச் சுட விரும்புகிறார். மின்அடுப்பு பழுதாகிறது. கிக்கி பழைய விறகு அடுப்பை மூட்டி உதவி, கொட்டும் மழையில் அதை எடுத்துச் செல்கிறாள். கதவைத் திறந்த பேத்தியோ, பாட்டியின் இந்தப் பணியாரம் தனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். அவள் தீயவள் அல்லள். அப்பண்டத்தில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது, அவ்வளவே. இயக்குநர் அவளைத் தண்டிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

இதன்பின் கிக்கி காய்ச்சலில் விழுகிறாள். உடல் தேறுகிறது, மனம் தேறவில்லை. ஓரிரவு, உடன் வந்த கருப்புப் பூனை ஜிஜியின் பேச்சு அவளுக்கு விளங்காமற் போகிறது. மற்றவர் காதுக்கு அது என்றும் பூனையின் குரல்தான்; அவள் ஒருத்திக்கே அது மொழியாய் இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பேச்சுத்துணை அது ஒன்றே. அன்றிரவே பறக்கும் ஆற்றலும் குன்றுகிறது. முயன்று விழுந்ததில் தாயின் துடைப்பமும் ஒடிகிறது.

காட்டில் வாழும் உர்சுலா என்னும் இளம் ஓவியப்பெண் அவளைத் தேற்றுகிறாள். தானும் ஒருகாலத்தில் வரைய முடியாமல் தவித்ததையும், பிறர் ஓவியத்தின் சாயலில் வரைந்து வந்ததை உணர்ந்ததையும், தனக்கே உரிய ஓவியத்தைத் தேடியதையும் சொல்கிறாள். ஜப்பானிய மூலத்தில் கிக்கிக்கும் உர்சுலாவுக்கும் குரல் தந்தவர் மினாமி தக்கயாமா என்னும் ஒரே நடிகையார். சிறுமி தன் வருங்காலத்தோடு பேசுவது போல் இக்காட்சி ஒலிப்பதற்கு இதுவும் காரணம்.

படத்தின் இறுதியில் வரும் வான்கப்பல் விபத்து எனக்கு முழு நிறைவு தரவில்லை. இவ்வளவு மென்மையாக நடந்த கதைக்கு அந்த ஆரவாரம் மிகை. மூலநூல் சிறு சிறு நிகழ்ச்சிகளாலேயே நிறைவு பெறுவது. இந்த விபத்து திரைக்காகச் சேர்த்தது. ஆயினும் அங்கே ஒரு நயம் இருக்கிறது. ஆபத்தில் தொங்கும் தோழன் டொம்போவைக் காக்க, கிக்கி தெருவைக் கூட்டும் முதியவரிடம் தேய்ப்பான் ஒன்றை இரவல் வாங்கிப் பறக்கிறாள். ஒடிந்தது தாய் தந்தது. தாங்கியது புது ஊர் தந்தது. இதை உரையாடலில் எங்கும் விளக்காமல் விட்டது இயக்குநரின் பெருமை.

இனி எங்கள் பிணக்குக்கு வருவோம். 1998இல் டிஸ்னி நிறுவனம் ஆங்கில மொழிமாற்றத்தோடு இப்படத்தை விடியோ நாடாவாக வெளியிட்டது. பூனைக்குக் குரல் தந்தவர் பில் ஹார்ட்மன் என்னும் நகைச்சுவை நடிகர். மூலத்தில் பூனை வாய் மூடியிருக்கும் இடங்களிலும் அவர் வேடிக்கை பேசினார். முடிவில், தான் பேசுவது கேட்கிறதா என்று பூனை கிக்கியை வினவுவதாகவும் சேர்த்தார்கள். 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வினா நீக்கப்பட்டது. எங்களிடம் இருந்ததோ பழைய தட்டு.

குழந்தைகள் வருந்தலாகாது என்ற நல்லெண்ணமே அந்தச் சேர்க்கைக்குக் காரணமாக இருக்கலாம். எனினும் அது படத்தின் உண்மையைக் குறைத்துவிட்டது. மூலத்தில் பூனை அவள் தோளில் தாவி வெறுமனே ‘மியாவ்’ என்கிறது. அவள் புன்னகைத்து முகத்தோடு முகம் சேர்க்கிறாள். பறக்கும் ஆற்றல் திரும்பி வந்தது. பழைய பேச்சு வரவில்லை. அன்பு மட்டும் குறையவில்லை. பெற்றோர்க்கு எழுதும் மடலிலும் தனக்குத் துயரமே இல்லை என்று அவள் சொல்லவில்லை. துயரம் வந்தாலும் இந்த ஊர் தனக்குப் பிடித்திருக்கிறது என்றே தெரிவிக்கிறாள்.

இவ்வளவையும் பேத்தியிடம் சொன்னேன். அவள் சற்று எண்ணிவிட்டு, “பூனை பேசியிருந்தால் நன்றாகத்தானே இருக்கும்?” என்றாள். ஆம், நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஆங்கிலத்தில் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுவாரம் இருவரும் சேர்ந்து அமர்ந்து மூலத்தைப் பார்த்தோம். ஜப்பானிய மொழி இருவருக்குமே தெரியாது. எழுத்துகள் வேகமாக ஓடிய இடங்களில் அவள் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.