தீராத மீன்

எந்த நாவலைப் படிக்கலாம் என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல நம்மில் பலரும் தயாராக இருக்கிறோம். க.நா.சு. பட்டியல் போட்டார், பட்டியல் போட்டதற்காகத் திட்டும் வாங்கினார், திட்டியவர்கள் பிற்பாடு தங்கள் பட்டியல்களைப் போட்டார்கள். எந்த ஆட்டத்தை ஆடலாம் என்று ஒருவன் கேட்டால் மட்டும் நமக்கு வாயடைத்துப் போகிறது. அல்லது ஆடாதே என்கிறோம். அது விமர்சனமல்ல, வீட்டுப் பெரியவரின் குரல்.

கேட்டவன் என் தங்கை மகன். கத்திவாக்கத்தில் கடலோரமாக வீடு. அப்பா வலைக்காரர், இவன் ஒப்பந்தக் கூலியாக ஷிப்டுக்குப் போகிறவன். "மாமா, ஆன்லைன்ல பல பேரு சேந்து ஆடற ரோல் பிளேயிங் கேம் எதனா ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். நீதான் புக்கா படிக்கிறியே, எது நல்லா இருக்கும் சொல்லு" என்றான். புத்தகம் படிக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்ற அவனுடைய தர்க்கம் எனக்குப் பிடித்திருந்தது. நாவலும் இதுவும் ஒரே ஜாதி என்று அவன் யோசிக்காமலே தீர்மானித்துவிட்டான்.

அவன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆடியது பப்ஜி. 2020 செப்டம்பரில் அரசாங்கம் அதைத் தடை செய்தது. பிறகு ஃப்ரீ ஃபயர். விலை மலிந்த போனிலும் ஓடும் என்பதால் எங்கள் பக்கத்தில் அதற்குத்தான் ஆள் அதிகம். 2022 பிப்ரவரியில் அதுவும் போயிற்று. பப்ஜி வேறு பெயரில் வந்தது, எடுக்கப்பட்டது, 2023இல் மறுபடி வந்தது. இவன் திரும்பிப் போகவில்லை. அவையெல்லாம் அரை மணியில் முடிகிற ஆட்டங்கள். இறங்கு, சுடு, செத்துப் போ, மறுபடி இறங்கு. "போனா அங்கியே இருக்கற மாதிரி ஒண்ணு வேணும் மாமா" என்றான். இந்த வடிவத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

வடிவத்துக்கு வயசாகிவிட்டது. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் எழுத ஆரம்பித்து, ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்து வளர்த்த 'மட்' என்பதுதான் ஆரம்பம். அதில் படமே கிடையாது. வெறும் வாக்கியங்கள். குகை என்று எழுதியிருக்கும். வடக்கே போ என்று நீங்கள் எழுத வேண்டும். அங்கே வேறு யாரோ நின்றுகொண்டு உங்களிடம் பேசுவார். அதாவது இது எழுத்தில் பிறந்த சமாசாரம். நாம் முகம் திருப்பிக்கொள்ள நியாயமில்லை.

இதே பார்ட்டில் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரர்கள் நாலு விதம்: சாதிக்கிறவர், சுற்றிப் பார்க்கிறவர், பழகுகிறவர், கொல்லுகிறவர். அன்றிலிருந்து எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இதைத்தான் பதிலாகக் காட்டுகிறார்கள். நீ எந்த விதம் என்று கண்டுபிடி, அதற்கேற்ற ஆட்டம் இது என்று. பார்ட்டில் செய்தது கூர்மையான அவதானிப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஆட்டத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. வாசகர்களை நாலாகப் பிரித்து, அழுகிறவர்களுக்கு இந்த நாவல், துப்பறிகிறவர்களுக்கு அந்த நாவல் என்று கொடுப்பது லெண்டிங் லைப்ரரிக்காரரின் வேலை. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அவர் விமர்சகர் அல்ல.

பெயர் பெற்றதைச் சொல்லிவிடலாம் என்றால், 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2010இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களை எட்டியது. வாரப் பத்திரிகையின் விற்பனைக் கணக்கை நம் முகத்துக்கு நேரே நீட்டுவது போலத்தான் இதுவும். ஊரைப் பயமுறுத்தும் ஓநாயை நீங்கள் கொல்கிறீர்கள், ஊர்க்காரர் நன்றி சொல்கிறார், கொஞ்ச நேரத்தில் அதே ஓநாய் அதே இடத்தில் எழுந்து நிற்கிறது, அடுத்த வீரனிடம் அதே ஊர்க்காரர் அதே குறையைச் சொல்லி அழுகிறார்.

கூத்திலும் துரியோதனன் வருஷா வருஷம் சாகிறான் என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. ந. முத்துசாமி புரிசைக்குப் போய்க் கூத்தை நம் கண்ணுக்குக் காட்டினாரே, அந்த வழியில் யோசிக்கலாம். திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளத்தன்று மண்ணில் பிரம்மாண்டமாகப் படுத்துக் கிடக்கிற துரியோதனன் அன்றைக்குச் சாகிறான் என்றால் ஊர் முழுவதற்கும் சாகிறான். எனக்குத் தனியாக ஒரு துரியோதனன், உங்களுக்குத் தனியாக ஒன்று என்று கிடையாது. வேஷக்காரனும் தன் வேஷத்தைக் கடையில் பொறுக்குகிற மாதிரி பொறுக்குவதில்லை. அவன் தொண்டையையும் உடம்பையும் பார்த்து வாத்தியார் கொடுக்கிறார். ஆன்லைன் வேஷத்தில் இரண்டும் தலைகீழ். வேஷம் நம் இஷ்டம். கூடவே, பார்க்க ஆளில்லை. எல்லோரும் வேஷம் கட்டிவிட்டதால் கூத்துக்கு முன்னால் பாயை விரித்து உட்கார ஒருவரும் மிச்சமில்லை.

ஆகவே நான் ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டேன். அந்த உலகத்தில் போனது போனதுதானா? நாலு பேர் எடுத்தால் ஐந்தாமவனுக்குக் குறைகிறதா? குறையாத உலகம் கனவு. கனவைப் பற்றி நமக்கு ஏற்கெனவே அபிப்ராயம் உண்டு. தொடர்கதைகளை நாற்பது வருஷமாக அதற்காகத்தான் வைது வந்திருக்கிறோம்.

இந்த அளவுகோலில் 1997இன் அல்ட்டிமா ஆன்லைன் ஒரு நல்ல தோல்வி. அதை அமைத்த ராஃப் கோஸ்டர் குழுவினர் நிஜமான காடு ஒன்றைச் செய்யப் பார்த்தார்கள். புல்லை முயல் தின்னும், முயலை ஓநாய் தின்னும், முயல் குறைந்தால் ஓநாய் ஊருக்குள் வரும். ஆட்டக்காரர்கள் நுழைந்ததும் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கொன்று தீர்த்தார்கள். காடு ஊறுவதற்கு நேரமே கொடுக்கவில்லை. அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். ஃபைனல் ஃபேன்டஸியின் பதினாலாம் ஆட்டமும் கவனிக்கத் தக்கது. 2010இல் வந்து படுதோல்வி. 2012 நவம்பரில் கதைக்குள்ளேயே ஒரு சந்திரனை விழவைத்து உலகத்தை அழித்து மூடினார்கள். அழிவுக்குப் பிந்திய உலகமாக 2013இல் திறந்தார்கள். மோசமான முதல் பதிப்பை எரித்து, எரித்ததையே இரண்டாம் பதிப்பின் முதல் அத்தியாயமாக்க நம்மில் எத்தனை பேருக்குத் துணிச்சல் இருக்கிறது?

ஆனால் என் அளவுகோலுக்குப் பூரணமாக நின்றது ஐஸ்லாந்துக்காரர்கள் 2003இல் தொடங்கிய ஈவ் ஆன்லைன். சீனாவை விட்டால் உலகம் முழுவதற்கும் ஒரே விண்வெளி. வெடித்த கப்பல் வெடித்ததுதான். 2014 ஜனவரி 27 அன்று ஒரு கூட்டணி தன் நட்சத்திர மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய தொகை கட்டப்படாமல் தவறிப் போயிற்று. எதிரிகள் நுழைந்தார்கள். 7,000 பேருக்கு மேல், ஏறத்தாழ 21 மணி நேரம். சர்வர் தாங்காமல் காலத்தையே பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கியது. 75 டைட்டன்கள், அதாவது ஒவ்வொன்றையும் கட்ட வாரக்கணக்கில் பலர் உழைக்க வேண்டிய ராட்சசக் கப்பல்கள், ஒழிந்தன. வாடகை பாக்கியில் ஒரு மகாயுத்தம்! வியாசருக்குத் தோன்றாத காரணம், ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் வாடகைக்குக் கடை வைத்திருக்கிற எவருக்கும் புரியும்.

ஈவுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். பையனிடம் போன்தான். ஆகவே பெர்லினில் செய்த ஆல்பியன் ஆன்லைனைச் சொன்னேன். 2017இல் வந்தது, 2021இலிருந்து போனில் ஓடுகிறது. ஆயுதம், கவசம் எல்லாம் ஆட்டக்காரர்களே செய்து விற்பது. மரமும் கல்லும் வெட்ட வெட்டத் தீரும், மெல்லத்தான் ஊறும். கறுப்பு மண்டலத்தில் செத்தால் கையிலிருப்பது அத்தனையும் போகும். 2023இல் ஆசியாவுக்கென்று தனி சர்வரும் வந்தது. சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002லேயே கடலடிக் கேபிள் போட்டாயிற்று. எங்கள் கடலில் வலைக்குத்தான் தடங்கல், சமிக்ஞைக்கு இல்லை. நியாயமான சிபாரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் ஆடினான். மூன்றாம் முறை எல்லாம் பறிபோனதும் நிறுத்திவிட்டு, தானாகவே ஒன்றைப் பிடித்துக்கொண்டான்: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்.

இதன் சரித்திரம் ஸ்வாரஸ்யமானது. கவர் சகோதரர்கள் 2001இல் ஆரம்பித்தது மூலம். மாற்றி மாற்றிக் கடைசியில் பழைய ஆட்டக்காரர்களுக்கே அடையாளம் தெரியாமல் போய், 2013இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பிரதியைத் தூசி தட்டி மீண்டும் திறந்தார்கள். பிறகு புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் ஓட்டு. நெடுநாள் வரை நூற்றுக்கு 75 பேர் சம்மதித்தால்தான் சேரும். 2018இல் போனுக்கு வந்தது. அந்த உலகத்தின் நாடி 0.6 விநாடிக்கு ஒரு முறை அடிக்கிறது. அதைவிட வேகமாக அங்கே எதுவும் நடக்காது. ஆகவே கத்திவாக்கம் ஸ்டேஷனில் ரயில் வரும்வரை, சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் ஆடலாம்.

அவன் அங்கே என்ன செய்கிறான்? மீன் பிடிக்கிறான்.

சண்டை உண்டு, மந்திரம் உண்டு, டிராகன் உண்டு. வெனிசுவேலாவில் பணம் மதிப்பிழந்தபோது பலர் அந்த டிராகன்களைக் கொன்று கிடைத்ததை விற்று நிஜமான சோறு தின்றார்கள். இவன் அந்தப் பக்கமே போவதில்லை. முதலில் சின்ன வலையில் எறா. 40ஆம் படியில் கூடு போட்டுச் சிங்கி எறா. 76இல் ஈட்டியால் சுறா. 99 கடைசிப் படி. அதற்கு 13,034,431 புள்ளிகள் வேண்டும். 92ஆம் படியை எட்டும்போதுதான் அதில் பாதி ஆகியிருக்கும். ஆட்டம் என்பது காலத்தின், உழைப்பின் சுத்த விரயம், அதன் முடிவில் எதுவும் உண்டாவதில்லை என்றார் ரோஜே கய்வா, 1958இல். எட்டு மணி ஷிப்டு முடித்து வந்து இன்னொரு ஷிப்டு போடுகிறவனை அவர் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

எனக்கு எரிச்சலாக இருந்தது. அங்கே மீன் தீராது. மீன் கிடைக்கும் இடம் மட்டும் அவ்வப்போது நகரும். நூறு பேர் நின்று பிடித்தாலும் நூற்றியோராமவனுக்குக் குறைவதில்லை. என் அளவுகோலில் பூஜ்யம். "இது பொய்டா" என்றேன். "எந்த ஆத்துலடா இப்படி மீன் இருக்கு?"

"இங்க இல்ல. அதான் அங்க போறேன்" என்றான்.

இங்கே இருப்பதைச் சொல்ல வேண்டும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் எங்கள் ஊருக்கு வடக்கே. ஒரு காலத்தில் இறால், நண்டு, மடவை, கொடுவா. 1970இல் வந்த எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதே வருஷம் ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையில் எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய். அந்த மாதக் கடைசியில் ஓர் இரவு அம்மோனியா. மூச்சுத் திணறி ஜனங்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். பையனின் அப்பா எண்ணெய் ஊறிய வலையை மண்ணெண்ணெயில் அலசிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டார். அன்றைக்கு இவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

போனது போனதுதான் என்ற பாடத்தை இவனுக்கு நான் ஆல்பியனில் கற்பிக்கப் போனேன்.

இழப்பு இருந்தால்தான் உலகம் நிஜம் என்ற என் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்த நாட்களில் படித்த புத்தகங்களிலிருந்து வந்தது. இழக்க ஏதோ இருக்கிறவனுக்கு இழப்பு ஒரு தரிசனமாகலாம். 'தப்பித்தல்' என்ற வசைச்சொல்லை நாம் எவ்வளவு தாராளமாகப் பிரயோகித்திருக்கிறோம்! எதிலிருந்து தப்பிக்கிறான் என்று விசாரித்துவிட்டா பிரயோகித்தோம்?

இதனால் ரூன்ஸ்கேப் நல்ல படைப்பாகிவிடாது. என் ஆட்சேபத்தை இப்போது வேறு இடத்தில் வைக்கிறேன். எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் படும் துறைகளில் இன்று எந்த ஊர், நாளை எந்த ஊர், எந்த வலை யாருடைய முறை என்று ஊர்கூடி வகுத்துக்கொள்வது. மீன் தீரும் என்று தெரிந்தவர்களால்தான் பாடு வகுக்க முடியும். தீராத நீரில் முறை வேண்டாம், ஆகவே ஊரும் வேண்டாம். ரூன்ஸ்கேப்பில் நூறு பேர் ஒரே துறையில் நிற்கிறார்கள், ஒருவர் முறையை இன்னொருவர் காக்க வேண்டிய அவசியமே இல்லாமல். பலர் ஆடும் ஆட்டம் என்ற பெயருக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியுமா?

இதை அவனிடம் சொன்னேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "சண்ட இல்லாம நூறு பேரு ஒரே எடத்துல மீன் புடிக்கிறாங்க. உனுக்கு இன்னா மாமா கஷ்டம்?" என்றான். துறையில் நின்ற ஒருவன் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டிருந்தான். இவன் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் பதில் அடித்துக்கொண்டிருந்தான். கூடு நிறைந்ததும் இருவரும் சேர்ந்தே பாங்குக்கு நடந்தார்கள்.

பெயர் வைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வேஷத்துக்குப் பெயர் ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும், பன்னிரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. கத்திவாக்கம் என்றும் காத்திவாக்கம் என்றும் எழுதுகிறோமே, ஆங்கிலத்தில் அந்தக் குழப்பம் இல்லை, சரியாகப் பதினொரு எழுத்து, ஊர்ப் பெயரையே வை என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு கொடுவா என்று அடித்து, பக்கத்தில் தன் பிறந்த வருஷத்தைச் சேர்த்துக்கொண்டான்.