கூரைக்குப் போகும் காசும் பாடசாலைக்குப் போகவேண்டிய காசும்

இந்தியாவில் ஒரு வீட்டுக் கூரையில் சோலார் தகடு ஏறினால் வீட்டுக்காரருக்கு மானியம் கிடைக்கும். இது பலருக்கும் தெரிந்த செய்தி. அந்த வீட்டுக்காக ஊர்ப் பஞ்சாயத்துக்கும் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 2024 பெப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தின் ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய்; இலக்கு ஒரு கோடி வீடுகள். 3 கிலோவாட் போடும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்குப் பக்கத்தில் 1,000 ரூபாய் சிறுகாசுதான். ஆனாலும் அயலவர் கூரையில் தகடு ஏறினால் ஊருக்கும் ஏதோ வந்து சேருகிறது என்ற எண்ணத்தை அந்தச் சிறுகாசு உண்டாக்குகிறது. மாவட்டத்துக்கு ஒரு மாதிரிச் சூரியக் கிராமத்தைப் போட்டி வைத்துத் தெரிவுசெய்து ஒரு கோடி ரூபாய் கொடுப்பதும் இதே திட்டத்தில்தான்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் இப்படி ஒன்று இல்லை. இலங்கையில் 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' தொடங்கியபோது, கூரையிலிருந்து மின்சார சபைக்குப் போகும் ஒவ்வொரு அலகுக்கும் முதல் 7 ஆண்டுகளுக்கு 22 ரூபாய், அடுத்த 13 ஆண்டுகளுக்கு 15.50 ரூபாய் என்று விலை வைத்தார்கள். பின்னர் வந்தவர்களுக்கு அந்த விலை ஏறியும் இறங்கியும் மாறியது. மாறாதது ஒன்று: ஒப்பந்தம் கூரைக்குச் சொந்தக்காரருக்கும் மின் விநியோகம் செய்பவருக்கும் இடையில்தான். காசு அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகும். அடுத்த வளவுக்காரருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஆனால் கம்பி வழியாகத் தொடர்பு இருக்கிறது. ஒரு மின்மாற்றியில் கூரைகளிலிருந்து இவ்வளவு மின்சாரம்தான் ஏற்றலாம் என்று ஓர் எல்லை உண்டு. அது நிரம்பிவிட்டால் அடுத்து விண்ணப்பிப்பவர், மின்மாற்றியைப் பெரிதாக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முந்திக்கொள்பவர் யார்? வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர். வங்கிக் கடனுக்குப் பிணை வைக்கக் காணி உறுதி கையில் உள்ளவர். தகரக் கொட்டிலில் இருக்கும் குடும்பம், வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம், பெரிய மரங்களின் நிழலுக்குள் வீடு அகப்பட்டுக்கொண்ட குடும்பம் எல்லாம் பிந்திவிடுகின்றன. பிறகு அவர்களுக்கு வசதி வந்தாலும் மின்மாற்றியில் இடம் இருக்காது. ஊருக்குப் பொதுவான ஒன்று சில கூரைகளோடு முடிந்துபோகும் இந்த அநியாயத்தைப் பற்றி நாங்கள் போதிய அளவு பேசவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனத்துக்கு மின்சாரம் என்பது வெறும் மாதக் கட்டண விவகாரம் அன்று. போரில் மின்சாரம் நின்றுபோன 1990களில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு எரித்த சிக்கன விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. பிறகு கரன்ட் வந்தது. சுன்னாகத்தில் டீசல் மின்னுற்பத்திக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த கதையும் வந்தது. அது பற்றிய வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே ஓடும் தண்ணீரை நம்பி இருக்கிற எங்களுக்கு, எண்ணெய் எரிக்காத மின்சாரம் வேண்டும் என்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. விருப்பம் ஏற்கெனவே இருக்கிறது. சேர்ந்து செய்வதற்கு ஒரு வாசல்தான் இல்லை.

அந்த வாசல் பாடசாலை என்பதே என் எண்ணம். தமிழ்நாட்டில் ஊரைக் கூட்டிவைப்பது பஞ்சாயத்து. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்திலுள்ள ஓடந்துறைப் பஞ்சாயத்து அதற்கு நல்ல சான்று. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006இல், பஞ்சாயத்தின் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். தெருவிளக்குக்கும் குடிநீர் இறைப்புக்கும் வேண்டியது போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். எங்கள் பிரதேச சபைக்கு அந்த அளவு காசும் இல்லை, ஊரின் அந்த அளவு நெருக்கமும் இல்லை. யாழ்ப்பாணத்தான் கேட்காமலே கொடுப்பது கோயிலுக்கும் பாடசாலைக்கும்தான். பிடியரிசி சேர்த்துப் பாடசாலை நடத்திய மண் இது. வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி தொடங்கியது, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. இன்று லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுக்கூட்டம் வைத்துக் காசு சேர்க்கின்றன. தமிழ்நாடு இதே பழக்கத்தை உண்டாக்குவதற்காக 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று அரசே ஓர் அமைப்பைத் தொடங்கவேண்டி வந்தது. எங்களிடம் அது தலைமுறை தலைமுறையாக இருக்கிறது.

ஆகவே வீட்டுக்கு 1,000 ரூபாய் என்ற இந்தியக் கணக்கை எடுத்து, வாங்கும் கையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஓர் ஊரில் தகடு ஏறும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு தொகை, அந்த ஊர்ப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்குப் போகட்டும். அந்தக் காசு பாடசாலைக் கூரையில் தகடாக ஏறட்டும். எங்கள் வெயிலில் 1 கிலோவாட் நாளுக்கு ஏறத்தாழ 4 அலகு தரும். 20 கிலோவாட் என்றால் மாதம் 2,400 அலகு. அந்தப் பழைய 22 ரூபாய் விலையில் கணக்குப் பார்த்தால் 52,800 ரூபாய். மின்விசிறியும் கணினி அறையும் எடுத்தது போக மிச்சத்துக்குக் காசு வரும். சனி, ஞாயிறு, ஆவணி விடுமுறை எல்லாம் முழுவதும் மிச்சம்தான்.

எந்தப் பாடசாலை என்பதில்தான் கவனம் வேண்டும். 1960-61இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது யாழ்ப்பாணக் கல்லூரி தனியார் கல்லூரியாகவே நின்றது. பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு வெளிநாட்டுக் காசு தானாக வரும். ஒழுங்கைக்குள் இருக்கும் ஆரம்பப் பாடசாலைக்கு, அதிலும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கும் பாடசாலைக்கு, பழைய மாணவர் சங்கம் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். ரொறொன்ரோவில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஊக்கத்தொகை கேட்பவருக்குக் கேட்டபடி போனால் மின்மாற்றியில் நடந்ததே இங்கும் நடக்கும். முதல் கூரை சின்னப் பாடசாலையின் கூரையாக இருக்கவேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். மின்மாற்றியில் ஒரு பங்கையும் அதற்கென்று ஒதுக்கி வைக்கவேண்டும்.

காசு வந்தால் மட்டும் சனம் சேர்ந்துவிடாது என்பதற்கும் இந்தியாவிலேயே ஆதாரம் இருக்கிறது. பீகாரில் தர்னை என்ற கிராமத்துக்கு 2014இல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சூரிய மின்தொகுதி ஒன்றைக் கட்டிக்கொடுத்தது. திறப்பு விழாவுக்கு வந்த முன்னாள் முதலமைச்சரிடம் ஊரார் 'உண்மையான கரன்ட்' கேட்டார்கள். அரச மின்சாரம் குறைந்த விலையில் வந்தது, பற்றரிகள் தேய்ந்தன, சில ஆண்டுகளில் அந்த இடம் மாட்டுக் கொட்டில் ஆனது. இதற்கு எதிர்ப்பக்கம் இலங்கை மலைநாட்டில் இருக்கிறது. 1990களிலிருந்து ஓடைத் தண்ணீரில் சிறு மின்நிலையம் அமைத்த கிராமங்கள், மின் பாவனையாளர் சங்கம் வைத்து, மாதக் காசு தண்டி, வாய்க்காலைத் தாங்களே துப்புரவாக்கி வந்தன. தேசிய மின்கம்பி வந்து சேர்ந்த இடங்களில் அவற்றில் பலவும் கைவிடப்பட்டன என்றாலும், தன் ஊர் மின்சாரத்தைக் கூட்டம் கூடி நடத்தத் தெரிந்த சனம் இந்தத் தீவில் இருக்கிறது என்பதை அவை காட்டிவிட்டன.

பிள்ளைகளுக்கும் இதில் உண்மையான வேலை கொடுக்கலாம். கேரளத்தில் எனர்ஜி மேனேஜ்மென்ட் சென்டர் நடத்தும் ஸ்மார்ட் எனர்ஜி திட்டம், வீட்டு மின்செலவைக் கவனிக்கும் பழக்கத்தைப் பாடசாலைப் பிள்ளைகள் வழியாக வளர்க்கிறது. இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையும் பாடசாலைகளில் வலுசக்திக் கழகங்களை ஊக்குவிக்கிறது. சித்திரப் போட்டி, கட்டுரைப் போட்டியோடு நின்றுவிடாமல் கழகத்தின் கையில் மின்மானியைக் கொடுக்கலாம். சோலார் போட்ட இடத்து மின்மானியின் திரையில் எண்கள் மாறி மாறி வரும்: ஒன்று எடுத்த அலகு, மற்றது கொடுத்த அலகு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை காலையில் இரண்டையும் எழுதி, பின்னேரம் மறுபடி எழுதி, கழித்துப் பார்த்துப் பலகையில் போடட்டும். மத்தியானத்தில் இன்வேர்ட்டர் நின்று நின்று ஓடினால், கம்பியில் வோல்ட்டேஜ் ஏறுவதைக் கண்டுபிடிக்கும் முதல் ஆளும் அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின் தேவை குறைந்தபோது, கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. கூரைகள் கூடக் கூட இந்தச் சிக்கலும் கூடும். பாடசாலையோ வெயில் நேரத்தில் இயங்கி, தன் மின்சாரத்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும் இடம். ஒரு பற்றரியும் சேர்த்துவிட்டால் இரவில் அது ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிக்கும் மண்டபமாகவும் புயல் நாளில் போன் சார்ஜ் போடும் இடமாகவும் இருக்கும். பற்றரியும் இன்வேர்ட்டரும் பத்து வருடத்தையொட்டி மாற்றவேண்டி வரும். அதனால் மாதாமாதம் வரும் காசில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்கும் விதி, முதல் தகடு ஏறுவதற்கு முன்னரே அபிவிருத்திச் சங்கத்தின் கூட்ட அறிக்கையில் ஏறியிருக்க வேண்டும்.