கால் வலிக்கும்

கேட்ட கேள்விக்கு எட்டு வகையில் விடை சொல்லலாம் என்கிறார் பவணந்தி. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன பட்டியல்தான். கல்லூரியில் நன்னூல் நடத்தத் தொடங்கிய பிறகு, இதை மறுப்பின் இலக்கணமாகவும் வாசிக்கலாம் என்று தோன்றியது.

'ஆட வருகிறாயா?' என்று கேட்டுப் பாருங்கள். 'வரமாட்டேன்' என்பது மறை. 'நீயே ஆடு' ஏவல். 'கால் வலிக்கிறது' உற்றது உரைத்தல். 'ஆடினால் கால் வலிக்கும்' உறுவது கூறல். 'வேண்டுமானால் பாடுகிறேன்' இனமொழி. ஒன்றே ஒன்றுதான் நேரடி மறுப்பு. மற்றவை எல்லாம் குறிப்பு.

திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து பேருந்தில் வரும் மாணவிகளிடம், ஒரு வாரம் வீட்டில் காதில் விழும் மறுப்புகளை எழுதிவரச் சொன்னேன். அப்பாவும் அண்ணனும் 'முடியாது', 'மாட்டேன்' என்று மறை விடையிலேயே வாழ்கிறார்கள். அம்மாக்களுக்கு 'தலைய வலிக்குது', 'அப்புறம் பாக்கலாம்', 'அவரக் கேட்டுச் சொல்றேன்'. ஒருத்தி அம்மாவின் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். எழுத மறந்துவிட்டாயா என்றேன். "எங்கம்மா எதையும் மாட்டேன்னு சொன்னதில்ல மேம்."

மாணவிகள் தங்களுக்குள் 'சான்ஸே இல்ல', 'நோப்' என்று சிரித்துக்கொண்டே மறுக்கிறார்கள். என்னிடம் 'சாரி மேம்'. பின்தொடர்ந்து வருகிறவனிடம் மட்டும் 'நோ'. ஏன் ஆங்கிலம் என்று கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. 'வேணாம்' என்றால் உரிமை எடுத்துக்கொண்டதுபோல் ஆகிறது; 'வேணாங்க' என்றால் கெஞ்சுவதுபோல் ஆகிறது. 'நோ'வில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. (தமிழில் 'நோ' என்றாலே வலி என்பது வேறு கதை.)

'மாட்டேன்' என்ற சொல்லின் பழைய பொருளையும் பார்க்கவேண்டும். 'மாட்டு' என்பது ஆற்றலைக் குறிக்கும் வினை. 'என்னால் இயலாது' என்பதுதான் காலப்போக்கில் 'எனக்கு விருப்பமில்லை' என்றாயிற்று. 'முடியாது'வும் அதே வழியில்தான் வந்தது. மனிதரை மணக்க மறுக்கும் இடத்தில் ஆண்டாள் எடுப்பதும் 'கில்' என்னும் ஆற்றல் வினையின் எதிர்மறையையே. அங்கே அது இயலாமையாகவா ஒலிக்கிறது? அவளுடைய திருமொழியில் அதைவிடக் கறாரான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே, இயலாமையின் சொல்லால் மறுப்பவள் அரைமனதாக மறுக்கிறாள் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த வாதம் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 2017 செப்டம்பரில் ஃபாரூக்கி வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவரை விடுவித்த டெல்லி உயர் நீதிமன்றம், முன்பே அறிமுகமானவர்களிடையே பெண் சொல்லும் பலவீனமான 'நோ' சில வேளைகளில் சம்மதமாகவும் இருக்கக்கூடும் என்ற கருத்தைத் தீர்ப்பில் எழுதியது. 2013 சட்டத் திருத்தமோ சம்மதம் என்பது ஐயத்துக்கிடமில்லாத, தானாக முன்வந்த உடன்பாடு என்கிறது. ஐயத்துக்கிடமில்லாமல் இருக்கவேண்டியது 'சரி'. பரீட்சை வைக்கப்பட்டதோ 'இல்லை'க்கு.

பெண்பிள்ளைகளுக்குத் துணிந்து 'நோ' சொல்லக் கற்றுக்கொடுங்கள் என்கிறார்கள். கற்றுக்கொடுக்கிறோம். ஆனால் நன்னூல் கேட்பவரையும் விட்டுவைக்கவில்லை. கடைசி ஐந்தும் சுற்றிவளைத்து வந்தாலும் விடைதான் என்று ஒப்புக்கொள்கிறது. 'கால் வலிக்கும்' என்றால் எவ்வளவு வலிக்கும் என்று விசாரிக்கச் சொல்லி அதில் சூத்திரம் இல்லை.

சென்ற பருவத் தேர்வில் ஒரு கேள்வி வைத்தேன்: 'படத்துக்குப் போகலாமா?' 'அம்மா திட்டுவாங்க.' விடை வகை யாது? பெரும்பாலோர் 'உறுவது கூறல்' என்று சரியாக எழுதியிருந்தார்கள். இரண்டு பையன்கள் 'நேர்' என்று எழுதியிருந்தார்கள். வகுப்பில் அந்த விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது, மதிப்பெண் போடச் சொல்லி அரைமணி நேரம் வாதாடினார்கள்.