மரத்துக்குள் விளையும் பச்சை

பச்சை காடெங்கும் கொட்டிக் கிடக்கிற நிறம். ஆனால் அதைப் பிடித்து நிறுத்துவது எந்தக் காலத்திலும் எளிதாக இருந்ததில்லை. இலையின் பச்சையம் துணியில் ஏறினாலும் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். ஆகவே ஐரோப்பியச் சாயக்காரர்கள் நீலத்தின் மேல் மஞ்சளை ஏற்றிப் பச்சை உண்டாக்கினார்கள். நாளடைவில் மஞ்சள் வெளிறிப் போயிற்று. அங்குள்ள பழைய சித்திரத் திரைச்சீலைகள் பலவற்றில் மரங்களும் புல்வெளிகளும் இன்று நீலமாக நிற்பது அதனால்தான். ஓவியர்கள் செம்பிலிருந்து எடுத்த பச்சை பல படங்களில் பழுப்பேறிவிட்டது. 1775இல் கார்ல் ஷீலே கண்டுபிடித்த பச்சையில் பளபளப்பு இருந்தது, ஆர்சனிக்கும் இருந்தது. இத்தனை தோல்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான், ஈரக்காட்டில் விழுந்து கிடக்கும் கிளைக்குள் குளோரோசிபோரியா என்ற பூஞ்சை செய்து வைக்கும் நீலப்பச்சையின் அருமை தெரிகிறது. அந்தப் பூஞ்சையை இப்போது ஆய்வகத்தில் வளர்த்து நிறம் எடுக்கிறார்கள். இந்த வளர்ப்பு பழைய மரவேலைக் கலையின் தொடர்ச்சி, அந்தக் கலையின் கண்ணோடுதான் அதை மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

குளோரோசிபோரியாவின் கனிக்கிண்ணங்கள் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். அவை கண்ணில் படுவது அரிது. மரத்தில் ஏறிய நிறமோ ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும். பட்டை உரிந்த ஓக், பீச், ஹேசல் கிளையைப் பிளந்தால், உள்ளே கடல்நீரின் ஆழத்திலிருந்து எடுத்தது போன்ற ஒரு நிறம். அதன் காரணம் சைலிண்டீன் என்ற குயினோன் வகை நிறமி. அது எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு இத்தாலியின் குப்பியோ நகரத்து அரண்மனைக்காகச் செய்யப்பட்ட ஒரு சிறு அறையே சாட்சி. உர்பினோவின் கோமகன் ஃபெடரிகோ ட மான்டெஃபெல்ட்ரோவுக்காக, 1478ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜூலியானோ ட மயானோவின் பட்டறை செய்த மரப்பதிப்பு வேலை அது. இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதி திறந்த அலமாரிகள், புத்தகங்கள், இசைக்கருவிகள் எல்லாமே தட்டையான மரத்துண்டுகள்தாம், ஆனால் கண் அதை நம்ப மறுக்கும். இந்த வகை வேலைகளில் பச்சையாகத் தெரியும் துண்டுகள் சாயம் ஏற்றியவை அல்ல, குளோரோசிபோரியா நிறமேற்றிய மரமே என்று 1992இல் ராபர்ட் பிளான்ஷெட்டும் அருங்காட்சியக வல்லுநர்களும் நிறுவினார்கள். ஐந்து நூற்றாண்டு கடந்தும் அது பச்சைதான்.

நீடித்திருப்பதால் மட்டும் ஒரு நிறம் அழகாகிவிடாது. இந்தப் பச்சையின் தனிச்சிறப்பு அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. தூரிகையால் பூசிய நிறம் மரத்தின் மேல் ஒரு படலமாகப் படிந்து ரேகையை மூடும். பூஞ்சை இழை அப்படிச் செய்வதில்லை. மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஓடிய நாளங்கள் வழியாகவும், தண்டின் குறுக்கே ஓடும் கதிர்த்திசு வழியாகவும் அது நுழைகிறது. சென்ற வழியெல்லாம் நிறம் விடுகிறது. அதனால் மரத்தின் அமைப்பையே நிறம் வரைந்து காட்டுகிறது. ஓரிடத்தில் அடர்த்தி, பக்கத்திலேயே வெளிர்வு, நடுவில் நிறம் தொடாத ஒரு கோடு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் செழித்த டன்பிரிட்ஜ் பதிப்பு வேலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பல நிற மரக்குச்சிகளைக் கட்டாக ஒட்டி, குறுக்கே மெல்லிய ஏடுகளாக அறுத்துப் பூவும் இலையும் அமைத்த அவர்கள், பச்சைக்குத் தேடியது இந்தப் பூஞ்சை தொட்ட ஓக்கைத்தான். நிறம் உள்ளே வரை ஊடுருவியிருந்ததால்தான் அறுத்த ஏடு ஒவ்வொன்றிலும் அது கிடைத்தது.

அந்தக் கைவினைஞர்கள் எல்லோரும் காடு கொடுத்ததைப் பொறுக்கினார்கள். விளைவிப்பது வேறு வேலை; குளோரோசிபோரியா அதற்கு லேசில் இணங்காது. சாதாரண மால்ட் அகார் தட்டில் பல அச்சுப்பூஞ்சைகள் சில நாட்களில் பரவிவிடும். இது வாரக்கணக்கில் ஊர்ந்து, சில சமயம் நிறமே காட்டாமல் நின்றுவிடும். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செரி ராபின்சனும் அவருடைய குழுவினரும் செய்த பணியின் மதிப்பு இந்த இடத்தில்தான். வளர்ப்பூடகத்தில் கிருமி நீக்கிய மரத்தூளைச் சேர்த்தால் வளர்ச்சியும் நிறமும் கூடுகின்றன, அதிலும் எந்த மரம் என்பதைப் பொறுத்து விளைச்சல் மாறுகிறது என்று அவர்களுடைய ஆய்வுகள் காட்டின. இது சின்ன விஷயமல்ல. சர்க்கரை ஊற்றினால் நிறம் தரும் இயந்திரமாக இந்தப் பூஞ்சையை நடத்த முடியாது, மரத்தைக் காட்டினால்தான் அது மனம் திறக்கிறது என்றே நான் இதை வாசிக்கிறேன். ஆக, வளர்ப்பவருக்கும் மரத்தறிவு வேண்டும். ஆஸ்பெனுக்கும் ஓக்குக்கும் உள்ள வேறுபாடு தெரிய வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, செயற்கைச் சாயம் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். விலையை மட்டும் கணக்குப் பார்த்தால் இதற்குப் பதிலே கிடையாது. எந்தப் பூஞ்சையும் அந்தப் போட்டியில் வெல்லாது. ஆனால் மரத்தின் மேல் பச்சைச் சாயம் தடவுவதும், மரத்துக்குள் பச்சை விளைவதும் ஒரே பொருளின் இரண்டு விலைகள் அல்ல. இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று உண்டு. சைலிண்டீன் நீரில் கரையாது, ஆல்கஹாலிலும் சரியாகக் கரையாது. அதை நன்றாகப் பிரித்தெடுக்க டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான் வேண்டும். அது உடலுக்குக் கேடு. இயற்கை நிறம் என்று சொல்லிக்கொண்டு நச்சுக் கரைப்பானில் முக்கி எடுப்பது நியாயமா? நியாயமான கேள்விதான். பிரித்தெடுத்த நிறமிக்கும் அதற்குரிய மதிப்பு இருக்கிறது: நிறமூன்றி இல்லாமலே துணியில் ஏறியது, ஒளியைத் தாங்குகிறது, கரிமக் குறைகடத்தியாகப் பயன்படுமா என்றுகூட அதே பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் மரவேலைக்கு அந்த வழி சுற்றுவழி என்றே எனக்குத் தோன்றுகிறது. பூஞ்சையை நேராக மரத்தில் வளர்த்தால் கரைப்பான் ஒரு துளியும் வேண்டாம், கதிர்த்திசுவின் கோலமும் கூடவே கிடைக்கும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், நிறம் திட்டுத்திட்டாக ஏறும் என்பார்கள். கதவு செய்பவருக்கு அது இழப்பு. பதிப்பு வேலை செய்பவருக்கு வேண்டியது விரலளவுத் துண்டு. திட்டுத்திட்டான மரத்தில்தான் அவர் நிழலும் வெளிச்சமும் தேடி எடுக்கிறார்.

காட்டில் தற்செயலாகக் கிடைத்தால்தான் அதற்கு அழகு, ஜாடியில் வளர்த்தால் அது போய்விடும் என்று நினைக்கும் ரசிகர்களும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. காட்டிலிருந்து வரும் பச்சை மரத்தில் பெரும்பாலும் வேறு பூஞ்சைகளும் புகுந்து அதை உளுத்துப்போகச் செய்திருக்கும். உளி பட்டால் உதிரும். குளோரோசிபோரியா தானாக மரத்தை அதிகம் தின்பதில்லை. ஆகவே கிருமி நீக்கிய நல்ல மரத்தில் அதை மட்டும் வளர்த்தால் நிறமும் கிடைக்கும், உறுதியும் மிஞ்சும். குப்பியோ அறையின் பட்டறைக்காரர்கள் இப்படி ஒரு துண்டைத் தேடிக் கழித்தவை எத்தனையோ இருந்திருக்கும். அந்தப் பொறுக்கும் கண் வளர்ப்பவருக்கும் வேண்டும்: ஜாடியைத் திறந்ததும் எடை போட்டு எத்தனை மில்லிகிராம் நிறமி என்று கேட்பதற்கு முன்னால், துண்டைக் குறுக்கே அறுத்து, பச்சை எந்த நாளத்தில் ஓடியிருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.